டெலஸ்கோப் வாங்காமல் வாருங்கள்: ஆந்திர எல்லையோரம் வான்பார்க்க வரும் புதியவர்களுக்கு

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, குடியாத்தம், எல்லை தாண்டினால் குப்பம், வி.கோட்டா, பலமநேர். இந்த ஊர்களிலிருந்து எங்கள் வான்நோக்குக் குழுவோடு வர ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "என்ன டெலஸ்கோப் வாங்கலாம்?" என்றுதான். ஒன்றும் வாங்காதீர்கள். நல்ல இருட்டும், அந்த இருட்டுக்குப் பழகிய இரண்டு கண்களும் போதும். டெலஸ்கோப்பைக் குழுவில் யாராவது கொண்டுவருவார்கள். இருட்டைத்தான் எல்லோரும் சேர்ந்து காப்பாற்ற வேண்டியிருக்கிறது. கீழே சொல்லப்போவதில் பாதி அதைப் பற்றித்தான்.

குழு எங்கே கிடைக்கும் என்றால், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் மாவட்டக் கிளைகள் வான்நோக்கு நிகழ்ச்சிகள் நடத்துவதுண்டு. ஆந்திரப் பக்கம் இதேபோன்ற அமைப்பான ஜன விஞ்ஞான வேதிகாக்காரர்களை விசாரிக்கலாம். உள்ளூர் அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியரைக் கேட்டால் பெரும்பாலும் யாரையாவது கைகாட்டுவார்.

எந்த ராத்திரி?

வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் இதற்குப் போதும். அதில் திதி போட்டிருக்கும். தேய்பிறை ஏகாதசியிலிருந்து வளர்பிறை திருதியை வரைக்கும் நமக்கு நல்ல நாட்கள். ஏகாதசியன்று நிலா பின்னிரவில்தான் எழும். வளர்பிறைத் திருதியையன்று சாப்பாட்டு நேரத்துக்குள் மறைந்துவிடும். இடையில் இருப்பது அமாவாசை இருட்டு. நிலாவையே பார்க்க வேண்டும் என்றால் வளர்பிறைப் பஞ்சமியிலிருந்து அஷ்டமிக்குள் வாருங்கள். வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் கோட்டை ஒட்டித்தான் பள்ளங்களின் விளிம்பு எடுப்பாகத் தெரியும். பௌர்ணமியன்று நிலா கண்ணைக் கூசவைக்கும், நிழலே இருக்காது, விண்மீன்களையும் மங்கடித்துவிடும். புதியவர்கள் பலர் பௌர்ணமியன்றுதான் வரட்டுமா என்று கேட்கிறார்கள். வேண்டாம்.

மாதம் என்று பார்த்தால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஜூனுக்கு மேல் தென்மேற்கு மேகம். மே மாதத்தில் மாலையானால் இடி இடிக்கும். ஆனால் கோடை மழை பெய்து ஓய்ந்த மறுநாள் வானத்தைத் தவறவிடாதீர்கள். தூசியெல்லாம் கழுவிப் போயிருக்கும். டிசம்பர் 13, 14 இரவுகளில் மிதுன ராசிப் பக்கத்திலிருந்து வரும் ஜெமினிட்ஸ் எரிகல் பொழிவு உச்சத்தில் இருக்கும். அதற்குக் கருவியே வேண்டாம், பாய் விரித்து மல்லாந்து படுத்தால் போதும். மேகம் விட்டுக்கொடுக்கிறதா என்பதுதான் ஒவ்வொரு வருடமும் கேள்வி.

எந்த இடம்?

நம் பக்கத்துக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. பாலாற்றுப் பள்ளத்தாக்கு நெடுகச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையும், ஊர்களும், தொழிற்சாலைகளும் வரிசையாக ஓடுகின்றன. அந்த வெளிச்சம் ராத்திரி முழுக்க அடிவானத்தில் மங்கிய ஆரஞ்சுத் திரையாக நிற்கும். பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் நின்று தெற்கே பார்த்தால் இந்தத் திரை குறுக்கே வரும். வாணியம்பாடியில் நின்று தெற்கே பார்த்தால் ஏலகிரியும் ஜவ்வாதும் மறைக்கும். தெற்கு ஏன் முக்கியம்? நாம் இருப்பது கிட்டத்தட்ட 13 பாகை (டிகிரி) வட அட்சரேகையில். டெல்லிக்காரர்களுக்கு அடிவானத்தில் ஒட்டிக்கொண்டு தெரிவதும் தெரியாததுமான தென்வானம் நமக்கு நன்றாகவே தெரியும். அதை மலைக்கும் சோடியம் விளக்குக்கும் விட்டுக்கொடுப்பது வீண்.

அதனால் தெற்கு வேண்டுமென்றால் ஜவ்வாது மலைமேல் ஏறிவிட வேண்டும். ஆலங்காயம் வழியாக ஜமுனாமரத்தூர் போகிற சாலையில் காவலூர் வருகிறது. வைணு பாப்பு வான் ஆய்வகம் அங்கேதான் இருக்கிறது. 1986 முதல் வேலை செய்யும் 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கே உண்டு. அதற்கு முன்பே 1972-இல் வந்த 1 மீட்டர் தொலைநோக்கியும் உண்டு. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனுக்குக் குறுக்கே போனபோது இந்த 1 மீட்டர் கருவியில் பதிவான ஒளிக்குறைவு, யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பதைக் காட்டிக்கொடுத்த சான்றுகளில் ஒன்று. நம்மூர் மலைமேல் நடந்த வேலை இது. வாணியம்பாடியில் பாதிப் பேருக்குத் தெரியாது. சனிக்கிழமைகளில் பொதுமக்களை உள்ளே விடுவது வழக்கம், முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். சனிக்கிழமை இல்லாத இரவில் வேலியோரம் வண்டி நிறுத்தி விளக்கடித்துக்கொண்டு நிற்பது கூடாது. உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும்.

மலைமேல் எங்களுக்குப் பிடித்த இடம் சாமை அறுத்துவிட்ட தரிசு. கீழே சமவெளியில் என்றால் நெல் காயவைக்கும் சிமெண்ட் களம். தரை சமமாக இருக்கும், புல் இல்லாததால் பாம்பு வந்தால் தெரியும், கருவியின் காலும் ஆடாது. ஏரிக்கரை பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் ஈரக்காற்றில் அரைமணி நேரத்தில் கண்ணாடி வியர்த்துவிடும்.

காட்டோரம் மட்டும் வேண்டாம். ஆந்திரப் பக்கத்துக் கௌண்டின்யா சரணாலயத்து யானைகள் எல்லைக்கோட்டைப் பார்த்து நடப்பதில்லை. பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்துத் தோப்புகளுக்கு அவை வந்துபோவது இங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வாழையும் மாவும் காட்டை ஒட்டி இருக்கிற இடத்தில் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு உட்காருவது புத்திசாலித்தனம் இல்லை.

சொல்லிவிட்டுப் போவது

செம்மரக் கடத்தலுக்காக எல்லையின் இரண்டு பக்கமும் ராத்திரி வண்டிச் சோதனை உண்டு. நள்ளிரவில் ஒரு கார், நாலு பைக், நீளமான குழாய் மாதிரி ஒரு சாமான், விளக்கில்லாமல் நிற்கிற ஆட்கள். போலீஸ் நிறுத்தாமல் போனால்தான் ஆச்சரியம். நிலத்துக்காரரிடம் முதலில் கேளுங்கள், ஊரில் ஒரு பெரியவரிடம் சொல்லுங்கள், வெளியூர்க் குழு என்றால் காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை. அடையாள அட்டை எல்லோரிடமும் இருக்கட்டும். வனத்துறை நிலம் என்றால் எழுத்தில் அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது.

ஒரு முறை களத்தில் கருவியை நிறுத்திக்கொண்டிருந்தபோது, ராத்திரிக் கரண்டுக்குத் தண்ணீர் பாய்ச்ச வந்த விவசாயி ஒருவர் டார்ச்சை முகத்துக்கு நேரே அடித்து, "ஏம்பா, புதையல் எடுக்க வந்தீங்களா?" என்று கேட்டார். வியாழனையும் அதை ஒட்டி ஒரே வரிசையில் நிற்கிற நாலு நிலாக்களையும் அவருக்குக் காட்டினோம். குனிந்தவர் நிமிர ரொம்ப நேரம் ஆயிற்று. அப்புறம் யாரும் கேட்காமலே போய் மோட்டார் கொட்டாய் பல்பை அணைத்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு வழக்கம்: முதல் பார்வை நிலத்துக்காரர் வீட்டாருக்கு.

பையில் என்ன?

சின்ன டார்ச் ஒன்று. அதன் முகத்தில் ஸ்டேஷனரி கடையில் கிடைக்கிற சிவப்பு ஜிகினாத்தாளை இரண்டு மடிப்பாகக் கட்டி ரப்பர் பேண்ட் போட்டுவிடுங்கள். கண்ணாடி போல ஒளி ஊடுருவும் தாளாக இருக்க வேண்டும். சிவப்பு வெளிச்சம் இருட்டுக்குப் பழகிய கண்ணை அதிகம் கெடுக்காது. போனில் ஸ்டெல்லேரியம் மாதிரி வரைபடச் செயலி இருந்தால் அதிலேயே சிவப்புத் திரை வசதி இருக்கும். அதை வீட்டிலேயே போட்டுப் பழகிவிட்டு வாருங்கள், களத்தில் வந்து தேடாதீர்கள்.

முழு ஷூ. செருப்பில் வராதீர்கள், விரியன் உலவுகிற நிலம் இது. போர்வை அல்லது ஸ்வெட்டர், குல்லாய். ஆம்பூர் வெயிலை மனதில் வைத்துக்கொண்டு அரைக்கைச் சட்டையோடு ஜனவரியில் ஜவ்வாது ஏறி வருகிறவர்கள் 11 மணிக்கெல்லாம் காருக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். தார்ப்பாய், கொசுவுக்குத் தடவ ஏதாவது, பிளாஸ்கில் டீ, வறுத்த வேர்க்கடலை. பிரியாணிப் பொட்டலம் கொண்டுவருவது இந்த ஊர்ப் பழக்கம். வேண்டாமென்று சொல்லவில்லை, கை கழுவிவிட்டுக் கருவிகிட்டே வந்தால் சரி.

பெண்களும் குழந்தைகளும் வரும்போது கழிப்பறை இருக்கிற இடமாகப் பார்ப்பது குழுவின் பொறுப்பு. பள்ளி மைதானம் அல்லது பக்கத்தில் பண்ணை வீடு உள்ள நிலம். இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். பதில் சரியாக இல்லையென்றால் அந்த முறை போக வேண்டாம். திரும்பி வருவதற்கும் அப்படித்தான்: ராத்திரி மலையிலிருந்து பஸ்ஸை நம்பாதீர்கள், யார் வண்டியில் திரும்புவது என்று கிளம்பும் முன்பே முடிவாகட்டும்.

வந்து சேர்வது

பொழுது இருட்டுமுன் வந்துவிடுங்கள். இடத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்த்து வைத்துக்கொண்டால் ராத்திரி குழியில் கால் விட மாட்டீர்கள். காரை, வெளியே போகிற திசையைப் பார்த்து நிறுத்துங்கள்; கிளம்பும்போது ஹெட்லைட் மற்றவர்கள் மேல் அடிக்காது. கதவைத் திறந்தால் உள்ளே எரிகிற விளக்கையும் முதலிலேயே அணைத்துவிடுங்கள்.

பைக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 2017 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்க முடியாது, இஞ்சின் ஓடினால் விளக்கும் எரியும். அதனால் தாமதமாக வந்தால் சாலைத் திருப்பத்திலேயே இஞ்சினை நிறுத்திவிட்டுத் தள்ளிக்கொண்டு வாருங்கள். பத்துப் பேர் அரைமணி நேரம் பழக்கிய கண்ணை ஒரு பைக் ஒரே நொடியில் பழையபடி ஆக்கிவிடும். அதிகமாகச் சொல்வதாகத் தோன்றலாம், ஆனால் விழித்திரையில் மங்கல் ஒளியைப் பிடிக்கிற ரோடாப்சின் என்ற நிறமி மறுபடி ஊற 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். யாரையும் திட்டி நேரம் போக்குவதில்லை, எல்லோரும் மறுபடி உட்கார்ந்து காத்திருக்க வேண்டியதுதான்.

முதல் அரைமணி நேரம்

போனைப் பையில் போட்டுவிட்டுச் சும்மா மேலே பாருங்கள். இந்த நேரத்தில்தான் அளவுகளைக் கற்றுக்கொள்ள வேண்டும். கையை முழுசாக நீட்டி விரல்களை மடக்கி முட்டி பிடித்தால் அதன் அகலம் வானத்தில் ஏறத்தாழ 10 பாகை, நடு மூன்று விரல் 5 பாகை, சுண்டுவிரல் 1 பாகை. முழு நிலாவே அரைப் பாகைதான், சுண்டுவிரலுக்குள் இரண்டு நிலா அடங்கும். நம்பாதவர்கள் அடுத்த பௌர்ணமிக்குச் சோதித்துக்கொள்ளலாம்.

இந்த முட்டிக் கணக்கை வைத்து வடக்கே துருவ விண்மீனைத் தேடுங்கள். ஓர் இடத்தின் அட்சரேகை எத்தனை பாகையோ அத்தனை பாகை உயரத்தில்தான் அது நிற்கும். நமக்கு 13 பாகை, அதாவது ஒரு முட்டிக்குக் கொஞ்சம் மேலே. குப்பம் பக்கத்து மேட்டில் தெரியும், மலையடிவார ஊர்களில் பெரும்பாலும் தெரியாது. தெரியவில்லையே என்று கவலைப்படாதீர்கள், அது பிரகாசமான விண்மீனும் அல்ல.

பிப்ரவரி இரவு 8 மணி என்று வைத்துக்கொள்வோம். கிட்டத்தட்ட உச்சிக்கு அருகே மூன்று விண்மீன்கள் நேர்வரிசையில் இருக்கும். அது ஓரியன் கூட்டத்தின் இடுப்புப் பட்டை. அதற்கு வடக்கே சிவந்து ஒளிர்வது திருவாதிரை. பட்டையின் கோட்டை மேற்கே நீட்டினால் ரோகிணி, இன்னும் நீட்டினால் கார்த்திகைக் கொத்து. அதே கோட்டைத் தென்கிழக்கே இழுத்தால் வானத்திலேயே மிகப் பிரகாசமான விண்மீனான சிரியஸ். அதற்குத் தெற்கே, முட்டிக் கணக்கில் தரையிலிருந்து இரண்டரை முட்டி உயரத்தில் தனியாக நிற்பது அகத்தியர். நட்சத்திரப் பெயரெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், ஜாதகத்தில் இருக்கிறது. உங்கள் நட்சத்திரம் எது என்று கேட்டு அதையே முதலில் காட்டுவது எங்கள் குழுவில் ஒருவரின் பழக்கம். பலன் கேட்டால் மட்டும் அவர் பதில் சொல்வதில்லை.

ஏப்ரல், மே என்றால் வடக்கே சப்தரிஷி மண்டலம் உயர்ந்திருக்கும். அதன் வாலில் நடு விண்மீன் வசிஷ்டர், ஒட்டினாற்போல மங்கலாக அருந்ததி. கல்யாணத்தில் பட்டப்பகலில் புரோகிதர் கைகாட்டியபோது தலையாட்டியவர்கள் இங்கே நிஜமாகவே பார்த்துக்கொள்ளலாம். கண்ணாடி போடாமல் இரண்டும் தனித்தனியாகத் தெரிந்தால் பார்வை நன்றாக இருக்கிறது. மே நடுவில் இரவு 9 மணி சுமாருக்குத் தெற்கே தென்சிலுவை நிமிர்ந்து நிற்கும், உயரம் ஒன்றரை முட்டிக்குச் சற்றே கூடுதல். அதற்கு இடப்பக்கம் இரண்டு பிரகாசமான விண்மீன்கள். தள்ளி இருப்பது ஆல்ஃபா சென்டாரி, சூரியனுக்கு அடுத்தபடி நமக்கு மிக அருகே உள்ள விண்மீன் குடும்பம். இதற்காகத்தான் மலைமேல் வரச் சொன்னேன்.

பால்வீதியின் தடித்த பகுதி விருச்சிகம், தனுசுப் பக்கம் இருக்கிறது. அது முன்னிரவில் எழும் மாதங்களில் நமக்கு மேகம். எனவே ஏப்ரலில் பின்னிரவு 2, 3 மணிக்கு விழித்திருப்பவர்களுக்குத்தான் அது கிடைக்கும். நடுராத்திரியில் மூட்டை கட்டுகிறவர்களுக்கு இல்லை.

பைனாகுலர், அப்புறம் டெலஸ்கோப் வரிசை

பைனாகுலரில் 7x50, 10x50 என்று போட்டிருக்கும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். வானத்துக்கு இரண்டாவது எண்தான் முக்கியம். கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து முழங்கையை ஊன்றிக்கொண்டு பாருங்கள், நின்றுகொண்டு பார்த்தால் விண்மீன் நடனமாடும். கார்த்திகைக் கொத்தில் கண்ணுக்கு ஆறு தெரிந்த இடத்தில் பைனாகுலரில் டஜன் கணக்கில் தெரியும். தென்வானத்தில் ஒமேகா சென்டாரி என்ற உருண்டைக் கொத்து பஞ்சு உருண்டையாகத் தெரியும். லட்சக்கணக்கான விண்மீன்கள் அதில் இருக்கின்றன.

டெலஸ்கோப் வரிசையில் நிற்கும்போது கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். புதியவர்கள் எல்லோரும் குனிந்ததும் அனிச்சையாகக் கண்வில்லைக் குழாயைப் பிடிக்கிறார்கள், பிடித்ததும் சனி கிரகம் போய்விடுகிறது. பிடிக்காவிட்டாலும் போகும்: 120 மடங்கு பெருக்கத்தில், மோட்டார் இல்லாத கருவியில், பூமி சுழல்வதால் கிரகம் இரண்டு நிமிடத்துக்குள் பார்வை வட்டத்தை விட்டு நகர்ந்துவிடும். "போயிடுச்சு அண்ணா" என்று சொன்னால் போதும், கருவிக்காரர் ஒரு விரலால் தள்ளித் திரும்பக் கொண்டுவருவார். குழந்தைகளுக்கு முக்காலி போடுவோம், தூக்கிக் காட்டினால் குழந்தையின் கால் கருவியில் படும்.

தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே சொல்லுங்கள். பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்களே என்று "ஆமா ஆமா, சூப்பர்" என்று நகர்ந்துவிடுகிறவர்கள் பாதிப் பேர். மங்கலான பொருளைப் பார்க்க ஒரு வித்தை உண்டு: நேரே பார்க்காமல் கொஞ்சம் தள்ளிப் பார்வையை வைத்து ஓரக்கண்ணால் பாருங்கள். விழித்திரையின் நட்டநடுவில் மங்கல் ஒளியை உணரும் செல்கள் இல்லை, சுற்றி ஓரத்தில்தான் நிறைய. ஆண்ட்ரோமெடா கேலக்ஸியை இப்படிப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல் தெரியும். அவ்வளவுதான். போனில் வருகிற வண்ணப் படம் பல மணி நேரம் ஒளி சேர்த்து எடுத்தது, கண்ணுக்கு அந்த வசதி இல்லை. ஆனால் அந்தத் தீற்றலின் ஒளி கிளம்பி 25 லட்சம் ஆண்டு ஆகிறது, நேராக உங்கள் கண்ணில் வந்து விழுகிறது.

சனியின் வளையத்துக்கு இந்த ஏமாற்றம் இல்லை. 2025 மார்ச்சில் வளையம் நமக்கு விளிம்பைக் காட்டிக் கோடாக மெலிந்தது, அதன் பிறகு ஆண்டுக்கு ஆண்டு விரிந்துவருகிறது. வருகிற வருடங்கள் சனிக்கு நல்ல காலம். ஏழரைக்காரர்கள் கோபிக்க வேண்டாம்.

பச்சை லேசர் குழுவில் ஒருவர் கையில் மட்டும்தான் இருக்கும். நம் தலைக்கு மேலே சென்னை, பெங்களூரு விமானங்கள் ஓயாமல் போகின்றன, அவற்றின் பக்கம் அடிப்பது குற்றம், ஆபத்தும்கூட. பகலில் எந்தக் கருவியையும் சூரியன் பக்கம் திருப்பாதீர்கள். தகுந்த வடிகட்டி முன்னால் பொருத்தாத டெலஸ்கோப்பில் ஒரு நொடி பார்த்தாலும் கண் போய்விடும்.

கிளம்பும்போது பனி படிந்த கண்ணாடியைத் துணியால் துடைக்காதீர்கள், கீறல் விழும். மூடி போட்டு ஈரத்தோடு அடைக்கவும் வேண்டாம், வீட்டில் மூடியைக் கழற்றித் தானாகக் காயவிட்டு அப்புறம் பெட்டியில் வையுங்கள்.

எப்போது வாங்குவது?

ஒரு முழுக் குளிர்காலமும் கோடையும் மற்றவர்கள் கருவியில் பார்த்த பிறகும் ஆசை இருந்தால், முதலில் ஒரு 10x50 பைனாகுலர். அதற்குப் பிறகு டெலஸ்கோப். கடையில் "525 மடங்கு" என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள். முன் கண்ணாடியின் விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ அதைப்போல இரண்டு மடங்குதான் உருப்படியான உச்சப் பெருக்கம். 60 மில்லிமீட்டர் கருவிக்கு 120. அதற்கு மேல் போனால் பெரிதாகத் தெரியும், ஆனால் கலங்கலாகத் தெரியும். ஆடுகிற மெல்லிய முக்காலியில் வருவதையும் தவிர்த்துவிடுங்கள். மரப்பெட்டி மாதிரி அடியில் நின்று கையால் தள்ளித் திருப்புகிற டாப்சோனியன், 6 அங்குலமோ 8 அங்குலமோ, தொடக்கத்துக்கு நல்லது. வாங்குமுன் குழுவில் யாருடையதையாவது தனியாக ஒரு தடவை தூக்கிப் பாருங்கள். மொட்டை மாடிப் படியில் அதை ஏற்ற முடியாது என்று தோன்றினால், ஒரு அளவு சின்னதாக எடுங்கள்.